வலை வீசுதலும் வலை பழுதுபார்த்தலும்

கலிலேயக் கடலோரத்தில் ஆண்டவர் இயேசு தம் முதற்சீடரை அழைத்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியாளர் மிகச் சுருக்கமாகவே வரைந்துள்ளார். ஆயினும் ஒரு சிறு வேறுபாட்டை அவர் குறிக்கத் தவறவில்லை. சீமோனும் அந்திரேயாவும் அழைக்கப்பட்ட வேளையில் வலை வீசிக்கொண்டிருந்தனர். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானுமோ படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர் (மாற் 1:16-20). இரண்டும் மீனவர் தொழிலே. முன்னது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். பின்னது எவர் கவனத்தையும் ஈர்ப்பதில்லை. ஆனால் கிழிந்த வலையை எத்தனை முறை வீசினாலும் பயனில்லை என்பதை நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், யூபிலி ஆண்டை முன்னிட்டு உரோமையில் கூடிய இணையவழி மறைப்பணியாளரைச் சந்தித்த திருத்தந்தை பதினான்காம் லியோ, இந்த இரண்டாவது காட்சியையே அவர்கள்முன் வைத்தார். பின்தொடர்வோரின் எண்ணிக்கையைப் பெருக்குவதோடு நின்றுவிடாமல், உறவின் வலைகளைச் செப்பனிட வேண்டும் என்பதே அவரது அழைப்பின் உட்கருத்து. மீன் பிடிக்கும் வலையையும் கணிப்பொறிகளைப் பிணைக்கும் வலையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். இன்று நம் பங்குகளிலும் மறைமாவட்டங்களிலும் இணையவழிப் பணி என்ற பெயரில் நிகழ்வனவற்றை இவ்வுவமையின் ஒளியில் திறனாய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வலை வீசுகிறோம், அதில் ஐயமில்லை. பழுதுபார்க்கிறோமா?

புதிய கருவிகளும் பழைய துணிவும்

புதியதைக் கண்டால் திருச்சபை அஞ்சி ஒதுங்கும் என்றொரு பழிச்சொல் உண்டு. தமிழகத் திருச்சபையின் வரலாறு அதற்கு நேர்மாறான சான்று பகர்கிறது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்துருவில் வெளிவந்த முதல் அச்சுநூல். அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் கடலோர மக்களிடையே உழைத்த சேசு சபைத் துறவி என்ரீக்கே என்ரீக்கசு அடிகளார். அடுத்த ஆண்டில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1580இல் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்வோருக்கென 'கொம்பெசியொனாயரு' என்னும் கையேடு அச்சாயிற்று. அச்சுப்பொறி அன்றைய உலகின் கணிப்பொறி எனலாம். அதை முதலில் தமிழுக்குக் கொணர்ந்தது வணிகமோ அரசோ அன்று, மறைக்கல்வி.

இத்துணிவு பின்னரும் குன்றவில்லை. 1931 பிப்ரவரி 12ஆம் நாள் மார்க்கோனியே அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் உலகோடு பேசினார். 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் குறித்துத் தனிச் சுற்றுமடல் வரைந்தார். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. 1967 முதல் உலக சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் ஊர்களில் கணிப்பொறி என்ற சொல்லே புதிதாக ஒலித்த 1990ஆம் ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்நாளின் செய்திக்குக் கணிப்பொறிப் பண்பாட்டையே பொருளாக எடுத்துக்கொண்டார். 2012 டிசம்பர் 12ஆம் நாள் பதினாறாம் பெனடிக்ட் ட்விட்டரில் தம் முதற்செய்தியை விடுத்தார்.

ஆகவே புதிய கருவியை ஏற்கலாமா என்ற கேள்வி நமக்கு என்றோ தீர்ந்துவிட்டது. அதை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதாகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இக்கருவிகள் வாயிலாகத் திருச்சபை பேசக் கற்றுக்கொண்டது, செவிமடுக்கக் கற்றுக்கொண்டதா?

கடிதப் பை

திருத்தூதர் பவுலின் திருமுகங்களை நாம் வழிபாட்டில் வாசிக்கக் கேட்கிறோம். அவற்றுள் பலவும் ஒருபக்கச் சொற்பொழிவுகள் அல்ல என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம், அவர்கள் எழுதிக் கேட்டவற்றிற்கு விடையாகவே தொடங்குகிறது. கொரிந்து நகரத்து இறைமக்கள் கேட்டிராவிடில் திருமணம் பற்றிய அந்தப் போதனை அவ்வடிவில் நமக்குக் கிட்டியிருக்காது. கேள்வி எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. ஆயினும் அவர்களுடைய கேள்வியின் தடம் இறைவார்த்தையிலேயே பதிந்து நிற்கிறது.

நம் தலைமுறையினர் அறிந்த ஒரு சான்றும் உண்டு. 1969இல் மணிலாவில் ஒலிபரப்பைத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைத் தமிழகத்திலும் இலங்கையிலும் சிற்றலைப் பெட்டிகளில் கேட்டோர் ஏராளம். சிற்றலை என்பது இயல்பிலேயே ஒருவழிச் சாதனம். பேசுபவர் ஓரிடம், கேட்பவர் வேறிடம்; இடையே கடல். இரைச்சலும் தேய்வுமாக ஒலி வந்து சேரும். எனினும் அச்சாதனத்தைச் சுற்றி ஒரு மறுவழியை மக்களே அமைத்துக்கொண்டனர். அது கடிதம். நேயர்கள் எழுதினர், நேயர் மன்றங்கள் கூடின, எழுதியவர் பெயரும் ஊரும் வானலையில் ஒலித்தன. கத்தோலிக்கர் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் எழுதினர். போரினால் சிதறிய இலங்கைத் தமிழரின் துயரும் அவ்வலையில் இடம் பெற்றது.

2018 சூன் 30ஆம் நாளுடன் அச்சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, பணி முழுவதும் இணையத்திற்கு மாறியது. செலவும், கேட்போர் பழக்கமும் மாறிவிட்ட காலத்தில் அம்முடிவைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஒலி தெளிவாயிற்று, விரும்பிய நேரத்தில் கேட்க முடிகிறது. ஆனால் இம்மாற்றத்தில் மறைந்துள்ள ஒரு முரண்பாட்டைத் திறனாய்வாளர் கவனிக்காமல் விடலாகாது. ஒருவழிச் சாதனமாகிய சிற்றலையை நாம் கடிதங்களால் இருவழிச் சாதனமாக்கினோம். இயல்பிலேயே இருவழிச் சாதனமாகிய இணையத்தையோ இன்று பெரும்பாலும் ஒருவழிச் சாதனமாகவே கையாள்கிறோம்.

இது மிகைக் கூற்றன்று. நம் பங்குகளின் யூடியூப் நேரலைகளைப் பாருங்கள். திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் வேண்டுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. மகனுக்கு வேலை வேண்டும், கணவர் குடியை விட வேண்டும், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும் என மக்கள் எழுதுகின்றனர். அவை மேலே நகர்ந்து மறைகின்றன. அவற்றை வாசிப்பவர் யார்? எழுதியவரிடம் மறுநாள் நலம் விசாரித்தவர் யார்? பங்கின் வாட்ஸ்அப் குழுவிலோ பல இடங்களில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்ற கட்டுப்பாடு உள்ளது. வீண் அரட்டையைத் தவிர்க்க அது தேவைப்படலாம். ஆனால் மறுமொழி சொல்லும் வாயிலையும் அது சேர்த்தே அடைத்துவிடுகிறது.

திருச்சபையின் ஏடுகள் இவ்வகையில் நம்மைவிட முன்னே நிற்கின்றன. ஆயருக்கும் இறைமக்களுக்கும் இடையே கருத்துகள் இருதிசையிலும் இடையறாது பாய வேண்டும் என்று 1971இல் வெளிவந்த மேய்ப்புப்பணி ஏடு வற்புறுத்தியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 212ஆம் எண்ணில், தம் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பருக்குத் தெரிவிக்கும் உரிமையைப் பொதுநிலையினருக்கு அளித்துள்ளது. தக்க அறிவும் தகுதியும் உடையோர் தம் கருத்தைக் கூறுவதை உரிமையாக மட்டுமன்றிச் சில வேளைகளில் கடமையாகவும் அது காண்கிறது. ஏட்டில் உள்ள இவ்வாயில் திரையில் ஏன் திறக்கப்படவில்லை என்பதே நம் வினா.

ஆளற்ற சதுக்கம்

2020ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மாலை, மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து வந்த காட்சியை உலகம் திரையில் கண்டது. புயலில் தத்தளித்த படகைப் பற்றிய நற்செய்தியை ஒட்டி அவர் உரையாற்றி, நற்கருணை ஆசீர் வழங்கினார். இணையமும் தொலைக்காட்சியும் இல்லாதிருந்தால் அம்மாலை நமக்குக் கிட்டியிராது. அவ்வாண்டு வேளாங்கண்ணித் திருவிழாவும் திருப்பயணிகள் இன்றியே நடைபெற்றது. மக்கள் தத்தம் வீடுகளிலிருந்தே கொடியேற்றத்தைக் கண்டனர். அந்நாள்களில் நேரலைகள் ஆற்றிய தொண்டினைச் சிறுமைப்படுத்துவது நன்றி கொல்லும் செயலாகும்.

ஆயினும் அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்தில் ஆற்றிய மறையுரையில் அதே திருத்தந்தை ஓர் எச்சரிக்கை விடுத்தார். மக்களும் அருட்சாதனங்களும் இன்றி ஊடகம் வழியாக மட்டும் ஒன்றிணையும் நிலை நெருக்கடிக்கால நிலையே ஆகும். திருச்சபையின் இயல்பு நிலை அதுவன்று. அதில் நிலைத்துவிடாமல் வெளிவர வேண்டும் என்பது அவர் கருத்து. வெறுமையான பேராலயத்தில் உயிர்ப்புப் பெருவிழா நிகழ்த்த எண்ணியபோது ஆயர் ஒருவர் தம்மைக் கடிந்துகொண்டதையும், அக்கடிதலில் உண்மை இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. இதுவும் ஒரு மறுமொழிதான். எளிய ஆயர் ஒருவர் எழுப்பிய குரல் திருத்தந்தையின் செவிக்கு எட்டியது. அவர் சிந்தனையையும் கூர்மையாக்கியது.

நெருக்கடி நீங்கிற்று. நேரலைகள் நின்றபாடில்லை. அவை நிற்க வேண்டும் என்றும் நாம் வாதிடவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியோர், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய், ஆலயமே இல்லாத ஊரில் வேலை பார்க்கும் இளைஞர் ஆகியோருக்கு நேரலை ஒரு வரமே. ஆனால் வரமே ஒரு மறைப்பாகவும் மாறிவிடலாம். முன்பெல்லாம் முதியவர் ஒருவர் இரண்டு ஞாயிறு ஆலயத்திற்கு வரவில்லையெனில் அவர் வழக்கமாக அமரும் இடம் வெறுமையாய்க் கிடந்து கேள்வி எழுப்பியது. அன்பியத்தார் அவர் வீட்டிற்குச் சென்றனர். நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்லப்பட்டது. இன்றோ "அவர் வீட்டிலிருந்தே பூசை பார்த்துக்கொள்கிறார்" என்ற ஒரு விடையில் நம் மனச்சான்று அமைதியடைந்துவிடுகிறது. அவருக்குத் திருப்பலியின் காட்சி கிடைக்கிறது, திருவுணவு கிடைப்பதில்லை. ஒலி கிடைக்கிறது, கதவைத் தட்டும் கை கிடைப்பதில்லை. இணையவழிப் பணியால் ஒரே ஒரு நோயாளரின் வீட்டுச் சந்திப்பு நின்றுபோயிருந்தாலும், அவ்வலையில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது என்றே பொருள்.

எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கு இவ்விழப்பைக் காட்டாது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெருங்கூட்டம் இயேசுவை நெருக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாய் இரத்தப்போக்கால் வருந்திய பெண் ஒருத்தி அவருடைய மேலுடையைத் தொடுகிறாள். தம்மைத் தொட்டவர் யார் என ஆண்டவர் வினவியபோது சீடர்கள் வியக்கின்றனர். இத்தனை பேர் நெருக்கும் நேரத்தில் இப்படியும் ஒரு கேள்வியா என்கின்றனர். சீடர்கள் கூட்டத்தைக் கண்டனர். ஆண்டவர் தொட்டவளைத் தேடினார். அவர் நின்றார், திரும்பினார், அவளது கதை முழுவதையும் கேட்டார். நம் இணையவழிப் பணிக்கு இதைவிடக் கூர்மையான அளவுகோல் வேறில்லை.

கையேடும் செயலியும்

செவிமடுக்கும் இப்பணியைக் கருவியிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். இதற்கு இரு நிகழ்ச்சிகள் விடை தருகின்றன.

2011ஆம் ஆண்டில் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு உதவும் கைப்பேசிச் செயலியொன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. அந்நாட்டு ஆயர் ஒருவரின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. கைப்பேசியிலேயே பாவமன்னிப்புப் பெறலாம் போலும் என்று சில செய்தித்தாள்கள் பரபரப்பூட்டின. உடனே வத்திக்கானின் செய்தித் தொடர்பாளர் தெளிவுபடுத்தினார்: மனச்சான்று ஆய்வுக்கு அது துணைசெய்யலாம், குருவின் முன்னிலையில் நிகழும் ஒப்புரவுக்கு அது மாற்றாகாது. இத்தெளிவைக் கேட்ட தமிழருக்கு 1580ஆம் ஆண்டின் 'கொம்பெசியொனாயரு' நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அக்கையேடும் ஆயத்தமே செய்வித்தது, மன்னிப்பு வழங்கவில்லை. கருவி மாறியிருக்கிறது, அதன் பணி மாறவில்லை. கையேட்டை மூடிவிட்டு ஒரு மனிதரின்முன் முழந்தாளிட வேண்டிய நேரம் வரும் என்பதைக் கையேடு அறிந்திருந்தது. நல்ல கருவியின் இலக்கணம் இதுவே.

இரண்டாவது நிகழ்ச்சி எதிர்மறையான பாடம். 2024 ஏப்ரல் திங்களில் 'கத்தோலிக் ஆன்சர்ஸ்' என்னும் அமெரிக்க அமைப்பு, மறை பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கச் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் ஓர் உருவை அறிமுகப்படுத்தியது. அதற்குக் குருவின் உடையும், 'தந்தை' என்ற அடைமொழியும் கொடுத்திருந்தனர். வெகு விரைவில் அவ்வுரு தன்னை உண்மையான குரு என்றே கூறிக்கொண்டது. ஒப்புரவு கேட்டு மன்னிப்பு வழங்குவதுபோலவும் பேசியது. எதிர்ப்பு எழுந்தவுடன், ஓரிரு நாள்களிலேயே அந்த அமைப்பு குருவின் கோலத்தைக் களைந்து, அவ்வுருவைப் பொதுநிலையினராக மாற்றிவிட்டது. இதைப் பலர் நகைப்புக்குரிய செய்தியாகப் படித்து மறந்தனர். நாம் அவ்வாறு விட்டுவிடலாகாது. கருவியின் பிழையைவிட ஆழமானது அதனைப் பயன்படுத்தியோரின் ஏக்கம். எந்த நேரமும் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தோடு மக்கள் அத்திரையை நாடினர் என்றால், அவர்களைக் கேட்க நம்மிடையே ஆளில்லை என்றே பொருள்படும்.

2002 பிப்ரவரி 22ஆம் நாளிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்னும் ஏடு, இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என அன்றே அறுதியிட்டுக் கூறியது. 2025 சனவரி 28ஆம் நாள் வெளியான செயற்கை நுண்ணறிவு பற்றிய வத்திக்கானின் குறிப்பேடும், மனித உறவுக்கு இயந்திரம் ஈடாகாது என எடுத்துரைக்கிறது. எல்லைக்கோடு தெளிவாகவே வரையப்பட்டுள்ளது. கோட்டிற்கு இப்பால் நிற்க வேண்டிய மனிதர் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஓர் ஏட்டின் நிறையும் குறையும்

இப்பொருள் பற்றி அண்மைக்காலத்தில் எழுந்தவற்றுள் சிறப்பானது, 2023 மே 28ஆம் நாளிட்டு வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை வெளியிட்ட 'முழுமையான உடனிருப்பை நோக்கி' என்னும் மேய்ப்புப்பணிச் சிந்தனை. அத்துறையின் தலைவராகக் கையொப்பமிட்ட பவுலோ ருஃபீனி ஒரு பொதுநிலையினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2018இல் அவர் அப்பொறுப்பை ஏற்றபோது, வத்திக்கான் துறையொன்றின் தலைமைக்கு வந்த முதல் பொதுநிலையினராக விளங்கினார்.

இவ்வேடு நல்ல சமாரியர் உவமையைத் (லூக் 10:25-37) தன் அச்சாணியாகக் கொண்டுள்ளது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையைப்போல இணையமும் ஒரு நெடுஞ்சாலை. அங்கும் அடிபட்டுக் கிடப்போர் உளர். விலகிச் செல்வோரும் உளர். நமக்குப் பிடித்தவற்றையே மீண்டும் மீண்டும் காட்டி, நம்மைப் போன்றோரோடு மட்டும் நம்மை அடைத்துவைக்கும் பொறியமைப்பின் சூழ்ச்சியை அவ்வேடு அஞ்சாது எடுத்துக்காட்டுகிறது. நம்பிக்கையின் பெயராலேயே பகைமையைப் பரப்பும் பதிவுகளையும் கண்டிக்கிறது. திரையின் வழியே உணவைப் பகிர்ந்துண்ண இயலாது என்ற எளிய உண்மையை நினைவூட்டி, நற்கருணைப் பந்தியின் இன்றியமையாமையை நிலைநாட்டுகிறது. இவை அதன் நிறைகள்.

குறை யாது? துல்லியமான வழிகாட்டுதல்களைத் தருவது தன் நோக்கமன்று என அவ்வேடே கூறிவிடுகிறது. அது அதன் உரிமை. ஆனால் அதன் அழைப்பு பெரும்பாலும் தனிமனிதரின் மனச்சான்றை நோக்கியே செல்கிறது. நீ இணையத்தில் நல்ல அயலானாக நடந்துகொள் என்கிறது. அடிபட்டவரைச் சமாரியர் தனியே விட்டுச் செல்லவில்லை. சாவடிக்குக் கொண்டு சென்றார், பொறுப்பாளரிடம் பணம் கொடுத்தார், திரும்பி வருவதாக வாக்களித்தார். அதாவது தனிமனித இரக்கம் ஓர் ஏற்பாடாக வடிவம் பெற்றது. இணையச் சாலையில் நாம் கண்டெடுக்கும் காயமுற்றோரைக் கொண்டு சேர்க்க நம் பங்கில் சாவடி உண்டா? பொறுப்பாளர் உண்டா? உவமையின் இப்பிற்பகுதியை நடைமுறையாக விரித்துரைக்கும் கடமை நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. மொழிபெயர்த்துப் படித்தால் மட்டும் போதாது. அதைப் பங்கின் மொழியில் பெயர்த்தாக வேண்டும்.

2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தின் தொகுப்பறிக்கையும் இணையச் சூழலில் மறைப்பணியாற்றுவோருக்கெனத் தனி இயலொன்றை ஒதுக்கியது. அம்மாமன்றத்தின் அடிப்படையே செவிமடுத்தல் அன்றோ? இணையவழிப் பணியின் அடிப்படையும் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

சுட்டும் விரல்

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகூத்திசின் படம் இன்று நம் மறைக்கல்வி வகுப்பறைகளில் இடம் பெற்றுள்ளது. 1991இல் இலண்டனில் பிறந்து, மிலான் நகரில் வளர்ந்து, 2006 அக்டோபர் 12ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் பதினைந்து வயதிலேயே மறைந்த பொதுநிலை இளைஞர் அவர். கணிப்பொறித் திறமையைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தார். அத்தொகுப்பு பின்னர்க் கண்காட்சியாக உலகின் பல நாடுகளையும் வலம் வந்தது.

அவரை 'இணையப் புனிதர்' என்று கூறி நிறுத்திக்கொள்வோரோடு நாம் உடன்பட இயலவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளைஞருக்கு வழங்கிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் கார்லோவைக் குறிப்பிடும்போது, இச்சாதனங்கள் மனிதரை மயக்கி நுகர்வுக்கு அடிமையாக்கவல்லவை என்பதை அவர் அறிந்திருந்ததையும் சேர்த்தே கூறுகிறார். கார்லோ நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றவர். அவருடைய இணையதளம் தன்னை நோக்கி எவரையும் ஈர்க்கவில்லை. நற்கருணைப் பேழையை நோக்கிச் சுட்டியது. பார்ப்பவரைத் திரையைவிட்டு எழச்செய்து ஆலயத்தை நோக்கி நடக்கவைப்பதே அதன் வெற்றி. நம் பங்குத் தளங்களையும் இந்த ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்: நம் நேரலையைக் கண்டவர் எழுந்து எங்கே சென்றார்?

பங்கில் செய்யத்தக்கன

திறனாய்வு குறைகூறலோடு முடிந்துவிடலாகாது. பெரும் பொருட்செலவின்றி எளிய பங்கிலும் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்க விழைகிறோம்.

முதலாவது, ஒளிப்படக் கருவிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தும் பங்கு, மறுமொழி கூறவும் ஒருவரை அமர்த்த வேண்டும். நேரலையில் வரும் வேண்டுதல்களை அவர் தொகுத்துப் பங்குத்தந்தையிடம் சேர்க்கட்டும். மறு ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் அவை ஒலிக்கட்டும். எழுதியவருக்கு ஒரு சொல்லேனும் திரும்பிச் செல்லட்டும். இப்பணிக்குப் பொதுநிலையினரே, குறிப்பாகக் கல்லூரி மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், மிகவும் தகுதியானவர்.

இரண்டாவது, வீட்டிலிருந்தே நேரலை காண்போரின் பட்டியலொன்று ஒவ்வோர் அன்பியத்திலும் இருக்கட்டும். அப்பட்டியலே நோயாளர் சந்திப்பிற்கும் நற்கருணை வழங்குவதற்கும் அடிப்படையாகட்டும். இணையம் சந்திப்பை நிறுத்தும் கருவியாகாமல், யாரைச் சந்திக்க வேண்டும் எனக் காட்டும் கருவியாகட்டும்.

மூன்றாவது, கமுக்கம் காக்கப்பட வேண்டும். குடும்பத் துயரையும் நோயின் பெயரையும் பலர் பார்க்கும் இடத்தில் மக்கள் எழுதிவிடுகின்றனர். அவற்றைத் தனியே தெரிவிக்க வழி அமைத்துத் தருவது பங்கின் கடமை. ஒப்புரவுத் தொட்டியின் மறையுறுதியைப் போற்றும் சமூகம், திரையில் சிந்தப்படும் கண்ணீரையும் காக்க வேண்டும்.

நான்காவது, கைப்பேசி இல்லாதோரை மறந்துவிடலாகாது. அறிவிப்புகள் யாவும் வாட்ஸ்அப்பில் மட்டுமே வந்தால், கருவி வாங்க வசதியற்ற குடும்பம் தன் பங்கிலேயே அந்நியமாகிவிடுகிறது. பீடத்திலிருந்து வாசிக்கப்படும் அறிவிப்பும், அறிவிப்புப் பலகையும், அன்பியக் கூட்டமும் இன்னும் தேவையானவையே.

திருத்தூதர் யோவானின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகத்தின் ஆசிரியர், எழுதவேண்டியவை பல இருந்தும் அவற்றைத் தாளிலும் மையிலும் எழுத விரும்பவில்லை என்கிறார். நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே விழைகிறார். அப்போதுதான் மகிழ்ச்சி நிறைவுறும் என்கிறார் (2 யோவா 12). அவர் தாளையும் மையையும் பழிக்கவில்லை. அவற்றைக் கொண்டே இதையும் எழுதினார். தம் காலத்தின் கருவியை முழுதும் பயன்படுத்தி, அதனினும் மேலான ஒன்றுக்காக ஏங்கினார். அவ்வேக்கம் நம் இணையவழிப் பணிகளில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கட்டும். கூட்டக் குறிப்பேட்டில் எத்தனை பேர் பார்த்தனர் என்று எழுதும் வரிக்குக் கீழே, எத்தனை பேருக்கு மறுமொழி சொன்னோம், எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்றும் இரு வரிகள் சேரட்டும். அவ்விரு வரிகளும் வெறுமையாய் இருந்தால், வலையை மீண்டும் வீசுமுன் கரையிலமர்ந்து கிழிசலைப் பார்ப்போம்.